ஞாய் அத்தையின் காலடி

படகில் ஏறும் வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது ஞாய் அத்தையின் கால்களைப் பற்றித்தான். தொப்பியைச் சரிசெய்து, இரண்டு பக்கத்துக் குன்றுகளையும் படம் எடுத்து முடித்து, தற்செயலாகப் பின்னால் திரும்புவார்கள். அங்கே அத்தை முதுகைப் பலகையில் சாய்த்து, வானத்தைப் பார்த்தபடி, இரண்டு துடுப்புகளையும் உள்ளங்கால்களால் மிதித்துக்கொண்டிருப்பாள். கைகள் இரண்டும் சும்மா இருக்கும். சும்மா என்றால் சும்மா இல்லை. பட்டாணி உரிக்கும், மேசைத்துணிக்குப் பூவேலை செய்யும், மழை வந்தால் குடை பிடிக்கும்.

"காலால் ஏன்?" என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களோடு வழிகாட்டியாகப் போகிற எனக்கு அதற்கு ஒரு நீளமான பதில் தெரியும். ஹனோயில் நான்கு வருடம் படித்தது அப்படிப்பட்ட பதில்களைத்தான். ஒருமுறை அத்தையிடமே கேட்டுச் சொல்லலாம் என்று கேட்டேன்.

"கை வலிக்கும்ல" என்றாள். அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதிலிருந்து யார் எது கேட்டாலும் எனக்குள் இரண்டு பதில் எழும். ஒன்று படித்தது, இன்னொன்று பார்த்தது. எதைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் படகு முதல் குகையைத் தாண்டிவிடும்.

எங்கள் ஊர் தாம் கோக்கில் மூன்று குகைகள். ஆறு குன்றுகளுக்கு அடியில் புகுந்து புகுந்து வெளியே வருகிறது. எங்கள் ஊரில் படகு வைத்திருக்கும் வீடுகளுக்கெல்லாம் முறை உண்டு. நம் எண் வருகிற நாளில் துறையில் போய்க் காத்திருக்க வேண்டும். ஞாய் அத்தைக்கும் குவே பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே படகு. முன்னால் பெரியம்மா கைத்துடுப்போடு உட்காருவாள். பின்னால் அத்தை காலால் மிதிப்பாள். பயணிகள் நடுவில்.

குவே பெரியம்மா எனக்குச் சொந்தப் பெரியம்மா இல்லை. அத்தையின் பக்கத்து வீடு. அத்தை மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபோது அவளுக்குப் படகு ஓட்டத் தெரியாதாம். பெரியம்மாதான் அவளை ஏற்றி, ஆற்றின் நடுவில் கொண்டுபோய், துடுப்பைக் கொடுத்துவிட்டுத் தான் படுத்துத் தூங்கிவிட்டாளாம். இதைப் பெரியம்மா ஒரு மாதிரி சொல்வாள், அத்தை வேறு மாதிரி சொல்வாள். இரண்டு பேரும் பயணிகளின் தலைக்கு மேலாகவே சண்டை போடுவார்கள்.

"அடியே ஞாய், இடது பக்கம் இழுக்குது. உன் காலுக்கு எழுத்து வாசனை இல்லியா, இடதும் வலதும் தெரியல?"

"முன்னாடி உக்காந்திருக்கிற மூட்டை ஒரு பக்கமா சாஞ்சா படகு என்ன பண்ணும்?"

"யாரடி மூட்டைங்கிற?"

"நான் பொதுவாச் சொன்னேன். மூட்டைக்கே உறைக்குது பாரு."

பயணிகள் சிரிப்பார்கள். ஏதோ நாட்டுப்பாட்டு என்று நினைத்துச் சிலர் கைபேசியில் பதிவும் செய்வார்கள். நான் மொழிபெயர்க்க மாட்டேன்.

போன வருடம் எட்டாம் மாதத்தில் அத்தையின் கணவர், துவான் மாமா, இறந்துபோனார். ஈரல் கெட்டுக் கொஞ்ச நாள் கிடந்து போனார். அதன்பிறகு அத்தைக்குத் துணையாக நான் அவள் வீட்டிலேயே தங்க ஆரம்பித்தேன். துக்கம் உள்ளவர்கள் புத்தாண்டுக்கு யார் வீட்டுக்கும் போகக் கூடாது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அத்தை விழாவுக்கு முன்பே சமையலுக்கு வேண்டியதை எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, வாசலைப் பாதி சாத்திக்கொண்டாள்.

பெரியம்மா வீட்டில் அந்த வருடம் பெரிய ஏற்பாடு. மகன் குயெத் வீட்டுப் பின்பக்கம் நான்கு அறை கட்டி ஹோம்ஸ்டே திறந்திருந்தான். மருமகள் உயென் உண்டாகியிருந்தாள். வருடத்தின் முதல் காலையில் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிற வெளியாள் எப்படியோ அப்படித்தான் அந்த வீட்டுக்கு அந்த வருடம். அதனால் பெரியம்மா எங்கேயும் தவறு நேராதபடி ஆளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கடைத்தெருவில் ஆட்டுக்கறி உணவகம் வைத்திருக்கும் லோக். பெயருக்கே செல்வம் என்று பொருள். மனைவி இருக்கிறாள், இரண்டு மகன்கள், குரல் வெண்கலம், பிறந்த வருடமும் குயெத்தின் வருடத்துக்குப் பொருந்தி வந்தது.

"ஏழு மணிக்கு வந்துடணும் லோக். அதுக்கு முன்னாடி பூனைகூட உள்ள வராம பாத்துக்கறேன்" என்று துறையில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

புத்தாண்டு விடியலில் பெரியம்மா வீட்டார் எல்லாரும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். நான் முற்றத்தில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அத்தை வெங்காயத்தாள் பறிக்க வேலியோரம் போனவள் திடீரென்று நிமிர்ந்தாள். பெரியம்மா வீட்டு முன் ஜன்னல் வழியாகப் புகை வந்தது. ஊதுவத்திப் புகை அல்ல. கறுப்பாக, தடிப்பாக.

முன்னோர் பீடத்தில் அவர்களுக்கு அனுப்புவதற்கென்று காகித உடைகளும் காகிதப் பணமும் அடுக்கி வைத்திருப்பார்கள். மூன்றாம் நாள்தான் அதை முற்றத்தில் எரிக்க வேண்டும். எரிந்துகொண்டிருந்த ஊதுவத்தி ஒன்று சாய்ந்து அதன்மேல் விழுந்திருக்கிறது.

அத்தை வெங்காயத்தாளோடு ஓடினாள். வேலியைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, வாசற்படியைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நான் வாயில் நுரையோடு பின்னால் ஓடினேன். வாசற்படிக்கு வந்ததும் என் கால் நின்றது. ஏன் நின்றது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இத்தனைக்கும் இந்த வழக்கத்தைப் பற்றிப் பயணிகளுக்குச் சிரித்துக்கொண்டே விளக்குகிறவள் நான்.

உள்ளே தண்ணீர் தேட நேரமில்லை. பீடத்துக்குப் பக்கத்தில் முழங்கால் உயரப் பூச்சாடியில் பீச் மரக் கிளை ஒன்று மொட்டும் பூவுமாக நின்றது. அத்தை கிளையை உருவிப் போட்டுவிட்டுச் சாடியை அப்படியே தூக்கித் தீயின்மேல் கவிழ்த்தாள். தீ அணைந்தது. சாடி கைநழுவி விழுந்து நொறுங்கியது.

பிறகுதான் அவளுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது. முகம் எப்படி மாறியது என்று நான் வாசலிலிருந்து பார்த்தேன். தன் கால்களையே குனிந்து பார்த்தாள். கறுப்புத் தண்ணீரில் இரண்டு வெறுங்கால்கள். வெங்காயத்தாள் இன்னும் இடது கையில் இருந்தது.

அப்போது பெரியம்மா வந்துவிட்டாள். அதிர்ஷ்டத்துக்கென்று கோயிலிலிருந்து ஒடித்துவந்த துளிர்க்கிளை கையில், பின்னால் மகனும் மருமகளும். பெரியம்மா பீடத்தைப் பார்த்தாள், சாடியைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். வாய் திறந்தது. நான் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானேன்.

ஆனால் வருடத்தின் முதல் நாளில் யாரும் யாரையும் திட்டக் கூடாது. திட்டினால் வருடம் முழுக்கத் திட்டுதான். பெரியம்மாவின் வாய் அப்படியே திறந்திருந்து, மெதுவாக ஒரு சிரிப்பாக மாறியது. அந்த மாதிரிச் சிரிப்பை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

"வாங்க ஞாய்" என்றாள். "புத்தாண்டு வாழ்த்துகள்."

அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. என் பக்கமாக ஓடி வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழு மணிக்கு லோக் புதுச் சட்டையில் வந்தார். வெண்கலக் குரலில் வாழ்த்தினார். முதல் மூன்று நாள் வீட்டைப் பெருக்கக் கூடாது, பெருக்கினால் அதிர்ஷ்டமும் குப்பையோடு போய்விடும். அதனால் பெரியம்மா வீட்டில் விருந்தாளிகள் எல்லாரும் சாம்பலையும் சாடித்துண்டுகளையும் காலால் ஒதுக்கிவிட்டு உட்கார்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி இஞ்சிப்பாகு தின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. லோக் இரண்டாவது ஆள். முதலில் கால் வைத்தது துக்கத்தில் இருக்கிற ஞாய்.

விழா முடிந்து படகு முறை வந்த முதல் நாள் நானும் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு அவர்கள் படகில் ஏறினேன். அத்தை காலையிலிருந்தே தயாராக இருந்தாள், அதாவது திட்டு வாங்க. பூச்சாடிக்கு ஒரு பதில், நெருப்புக்கு ஒரு பதில் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

பெரியம்மா தொப்பி நாடாவைக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"உக்காருங்க ஞாய். கால் நல்லா இருக்கா? குளிர் அதிகமா இருக்கு, பாத்துக்கங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் தண்ணீரைப் பார்த்தேன்.

அன்றைக்குப் படகு நிஜமாகவே இடது பக்கம் இழுத்தது. அத்தை வேண்டுமென்றே செய்தாளோ என்னவோ. பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பரவாயில்லைங்க, காத்து" என்றாள்.

அத்தை வாழ்க்கையில் பட்ட கஷ்டங்களை நான் கொஞ்சம் அறிவேன். வெள்ளத்தில் படகு போயிருக்கிறது. ஒரு குழந்தை பிறந்து தங்கவில்லை. மாமா போனார். அவள் எதற்கும் இப்படி ஒடுங்கி நான் பார்த்ததில்லை. துவான் மாமா செத்த மறுவாரமே பெரியம்மா அவளைப் படகில் ஏற்றி, "அழுதுக்கிட்டே மிதி. மிதிக்காம அழுதா உன்ன தண்ணில தள்ளிடுவேன்" என்று சொல்லிக் கூட்டிப் போனவள். இப்போது அதே வாயில் 'ங்க' போட்டுப் பேசினாள். துறையிலிருந்து மூன்றாம் குகை வரை போய்த் திரும்பும் நேரம் முழுக்க அத்தைக்குக் கேட்டது தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள்: "நீ படிச்சவ. நெஜமாவே அப்படி ஆகுமா?"

"எப்படி?"

"அந்த வீட்டுக்கு இந்த வருஷம் கெட்டதா ஆகுமா? என்னால?"

அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வாசற்படியில் என் கால் நின்றது நினைவுக்கு வந்தது. "தெரியல அத்தை" என்றேன்.

அதற்குப் பிறகு அத்தை ஒரு காரியம் ஆரம்பித்தாள். அந்த வீட்டின் வருடத்தைத் தானே கெடாமல் பார்த்துக்கொள்வது என்று. என்னிடம் சொல்லவில்லை, நானாகப் பார்த்துப் புரிந்துகொண்டதுதான். பெரியம்மாவின் ஆடுகள் குன்றுமேல் மேயப் போகும்போது தூரத்திலிருந்து ஒரு கண் வைத்திருப்பாள். துறையில் மூட்டையோடு இறங்குகிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்து, தெரிந்த நாலு ஆங்கில வார்த்தையில் குயெத்தின் ஹோம்ஸ்டேவுக்கு வழி காட்டுவாள். உயெனுக்காக ஆற்றுக் கெளுத்தி பிடித்து, அவித்த எள் உருண்டை செய்து, வேலிக் கம்பத்தில் மாட்டிவிட்டு வருவாள். வாசலுக்குப் போகவே மாட்டாள்.

மறுநாள் படகில் பெரியம்மா சொல்வாள்: "மீன் நல்லா இருந்துச்சுங்க. எதுக்குங்க உங்களுக்குச் சிரமம்?"

அந்த ஒவ்வொரு 'ங்க'வுக்கும் அத்தை கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தாள்.

இரண்டாம் மாத மழையில் ஆடு ஒன்று பாறை வழுக்கி விழுந்து செத்தது. அதற்கு அடுத்து, ஹைஃபோங்கிலிருந்து ஹோம்ஸ்டேவுக்கு வருவதாக இருந்த ஒரு பெரிய கூட்டம் வராமல் நின்றுவிட்டது. துறையில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதே சமயம், வயல் முற்றிப் பொன்னாகும் நேரம் வந்ததும் நான்கு அறைகளும் நிரம்பி, குயெத் தன் படுக்கையையே ஒரு பயணிக்குக் கொடுத்துவிட்டுத் திண்டாடினான். அதைப் பற்றி யாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நல்லது நடந்தால் அது லோக்கின் கால், கெட்டது நடந்தால் அது ஞாயின் கால். இப்படிப் பங்கு பிரித்துவிட்டார்கள்.

ஐந்தாம் மாதம் பிறந்தது. உயெனுக்கு நாள் நெருங்கிவிட்டது. ஒரு மாலை துறையில் தாம் என்ற பெண் சாதாரணமாகத்தான் பேச்செடுத்தாள். அவளும் படகுக்காரிதான்.

"எல்லாம் நல்லபடியா பெத்து எடுக்கட்டும். ஆனா ஞாய் அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. பிள்ளத்தாச்சி இருக்கிற வீட்டுப் படகுல, துக்கம் இருக்கிறவங்க…"

அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அங்கேயே முடிவெடுத்துவிட்டாள். குழந்தை பிறக்கும் வரை என் இடத்தில் நீ உட்காரு, உன் படகில் நான் போகிறேன் என்றாள். பெரியம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், "உங்க இஷ்டங்க" என்று அவள் சொல்லிவிடுவாளோ என்ற பயம். அதைக் கேட்க அத்தைக்குத் தெம்பு இல்லை.

இரவுச் சாப்பாட்டில் என்னிடம் மட்டும் சொன்னாள். "இருபத்தி ரெண்டு வருஷமா அந்தப் பலகையில சாஞ்சிருக்கேன். பரவால்ல. குழந்தை நல்லா பொறந்தா போதும்."

"அப்புறம் திரும்பி உக்காருவியா?"

கிண்ணத்துச் சோற்றைக் குச்சிகளால் கிளறிக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் காலை பிரான்சிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதியோடு நான் துறைக்குப் போனேன். அவர்களுக்கு பெரியம்மா படகின் எண்தான் விழுந்தது. பின்பலகையில் தாம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அத்தை கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பெரியம்மா ஃபிளாஸ்க்கோடு படியில் இறங்கி வந்து, படகைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"என்ன தாம், எண் மறந்துடுச்சா?"

"இல்லக்கா. ஞாய் அக்காதான் மாத்திக்கலாம்னு சொன்னாங்க. உயென் பெத்து எழுந்திருக்கிற வரைக்கும். நல்லதுக்குத்தானே."

பெரியம்மா அத்தையைப் பார்த்தாள். கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது. பயணிகள் இருக்கிறார்கள், துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். மறுபடியும் அந்தச் சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு.

"இறங்குங்க தாம். ஞாய், ஏறுங்க."

"இல்லக்கா, நான்…"

"ஏறுங்கன்னேன்."

அத்தை ஏறினாள். பிரெஞ்சுத் தம்பதி நடுவில் உட்கார்ந்தார்கள், அவர்களுக்கு எதிரே நான். படகு நகர்ந்தது.

அந்த நாட்களில் ஆற்றின் இரண்டு பக்கமும் வயல் மஞ்சளாகக் கிடக்கும். குன்றுகளின் அடிவரை மஞ்சள், அதற்குமேல் கறுப்புப் பாறை. அறுவடைக்காரர்கள் கதிர்க்கட்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிரெஞ்சு அம்மாள், கண்ணில் நீர் வரும் அளவுக்கு அழகாக இருக்கிறது என்றாள். நான் தலையாட்டினேன். முதல் குகை போனது. இரண்டாவதும் போனது. பெரியம்மாவின் துடுப்பு தண்ணீரைக் குத்திக்குத்தி எடுத்தது.

மூன்றாம் குகை கொஞ்சம் தாழ்வு. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இருட்டு மூடியதும் முன்னாலிருந்து குரல் வந்தது.

"அடியே!"

குகை அதைத் திருப்பிச் சொன்னது. பிரெஞ்சுக்காரர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடியே ஞாய்! எவளக் கேட்டுடி இடத்த மாத்தின? உன் அப்பன் வீட்டுப் படகா இது?"

பின்னால் துடுப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"வாயில என்ன, சேறா? பேசுடி!"

"உங்க… உன் நல்லதுக்குத்தான் அக்கா. நான் உள்ள வந்திருக்கக் கூடாது. துக்கத்தோட கால் வெச்சிட்டேன். தப்புதான். ஆடு செத்துச்சு. இப்ப உயென் வேற…"

"ஆடு செத்துச்சா? அந்த ஆட்டுக்குக் கண்ணு பொட்டை. நாலு வருஷமா எப்ப விழும்னு பாத்துட்டிருந்தேன்! யாருடி உன்ன உள்ள வந்தது தப்புன்னு சொன்னது?"

"பின்ன?"

"போனதுதாண்டி தப்பு!"

பெரியம்மாவின் துடுப்பு படகின் விளிம்பில் மோதும் சத்தம் கேட்டது.

"வருஷத்துக்கு மொத ஆளா வீட்டுக்குள்ள வந்த. சரி. நெருப்ப அணைச்ச. சரி. நான் வான்னு கூப்பிட்டேன். புத்தாண்டு வாழ்த்தும் சொன்னேன். நீ என்ன பண்ணின? கல்லு மாதிரி நின்னுட்டு, ஒரு வார்த்தை வாழ்த்தாம, ஒரு மடக்கு டீ குடிக்காம, எலி மாதிரி ஓடிட்ட! எந்த ஊர்லடி மொத ஆளு வாழ்த்தாம போவா? லோக் வந்து தொண்டை கிழிய வாழ்த்தினான். அவன் ரெண்டாவது ஆளு, அவன் வாழ்த்தி எனக்கு என்ன ஆகும்? வந்தது நீதானே. நாளைக்கு வருவா, மறுநாளைக்கு வருவான்னு பாத்தேன். நீ என்னடான்னா வேலிக் கம்பத்துல மீனைத் தொங்கவிட்டுட்டு ஓடற. நான் என்ன பூனையா?"

"நீ கூப்பிட்டிருக்கலாம்ல?"

"வாழ்த்தக் கேட்டு வாங்குவாங்களா? கேட்டு வாங்கினா அது வாழ்த்தா?"

"அப்புறம் எதுக்கு என்ன மரியாதையா கூப்பிட்ட?" அத்தையின் குரல் உடைந்தது. "வாங்க போங்கன்னு. நான் செத்தே போயிட்டேன்."

"மொத ஆளா வந்தவள வாடி போடின்னா கூப்பிடுவாங்க?"

இது முழு உண்மையா என்று எனக்குச் சந்தேகம்தான். பூச்சாடி விஷயத்தில் பெரியம்மாவுக்குக் கோபம் இல்லாமல் இருந்திருக்காது. மூன்று நாள் சாம்பலில் நடந்தவளுக்கு எல்லாமே பெருந்தன்மையாக இருந்திருக்காது. ஆனால் அந்த இருட்டில் அவள் குரலைக் கேட்டவர்கள் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள். நானும் பார்க்கவில்லை.

"துக்கம்தானே அக்கா. அத எப்படிக் கொண்டுட்டு வந்து உன் வீட்டுல…"

"எவனோட துக்கம்டி? துவானோடது. என் வீட்டுக் கூரைய மேஞ்சது யாரு? குயெத்துக்கு நீச்சல் சொல்லிக் குடுத்தது யாரு? அன்னிக்கு நீ உள்ள வந்தப்ப அவனும் உன் பின்னாடி வந்திருப்பான். அவன் வந்தா நான் வாசல்ல நிறுத்துவேனா? ரெண்டு பேர் வந்தீங்க. ரெண்டு பேரும் டீ குடிக்காம போயிட்டீங்க. அதுதாண்டி எனக்கு ஆறல."

படகு தானாக மிதந்து குகையின் வெளிச்சப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அத்தை தொப்பியை முகத்தின்மேல் இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். தோள்கள் அசைந்தன. பிரெஞ்சு அம்மாள் என்னிடம் கிசுகிசுத்தாள், இவர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள் என்று. படித்த பதில், பார்த்த பதில் இரண்டையும் தேடினேன். "புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள்" என்றேன். இப்போதா என்றாள். கொஞ்சம் தாமதம் என்றேன்.

பெரியம்மா துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு ஃபிளாஸ்க்கைத் திறந்தாள். மூடியில் பச்சைத் தேநீரை ஊற்றி, முதலில் கொஞ்சம் ஆற்றில் சாய்த்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. மறுபடி நிறைய ஊற்றிப் பயணிகளின் தலைக்கு மேலாக நீட்டினாள். பிரெஞ்சுக்காரர் தனக்கென்று நினைத்துக் கையை நீட்டினார். நான் மெதுவாக அதைத் தள்ளிப் பின்னால் கடத்தினேன்.

"குடி. குடிச்சிட்டு வாழ்த்து."

அத்தை ஒரே மூச்சில் குடித்தாள். சுட்டிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டாள். மூக்கைத் துடைத்தாள். எழுந்து நின்றால் படகு ஆடும் என்பதால் முதுகை மட்டும் நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"இந்த வீட்டுக்கு இந்த வருஷம் சோறு நிறையட்டும். அறையெல்லாம் நிறையட்டும். ஆம்பளையோ பொம்பளையோ, சுகமா பொறக்கட்டும். தாயும் பிள்ளையும் நல்லா இருக்கட்டும்." ஓரக்கண்ணால் முன்னால் பார்த்தாள். "வாய் மட்டும் பாட்டி மாதிரி இல்லாம இருக்கட்டும்."

"இதெல்லாம் ஒரு வாழ்த்தாடி!"

"அஞ்சாம் மாசம் வரைக்கும் வெச்சிருந்தது, கொஞ்சம் புளிச்சிருக்கும்."

"ஆடுங்கள விட்டுட்டியே. மிச்சம் ஆறு இருக்கு."

"ஆறு ஆடும் மலை மேல கண்ணு தெரிஞ்சு நடக்கட்டும்."

"என் முட்டி?"

"உன் முட்டிக்கு உடம்ப குறைக்கணும், வாழ்த்து போதாது."

பிரெஞ்சுத் தம்பதி கைதட்டினார்கள். குகைக்கு வெளியே பழம் விற்கிற படகுகளிலிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். பெரியம்மா அவர்களை நோக்கி, "என்ன பாக்கறீங்க, வியாபாரத்தப் பாருங்க!" என்று கத்தினாள்.

படகைத் திருப்பினார்கள். அத்தை பலகையில் சாய்ந்து, கால்களைத் துடுப்புகளின் மேல் வைத்தாள். கைகள் பூவேலைத் துணியைத் தேடின. இரண்டு மிதி மிதித்திருப்பாள்.

"அடியே ஞாய், வலது பக்கம் இழுக்குது!"

"இழுக்கட்டும்" என்றாள் அத்தை, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.